வராதவர்களிடம் கேளுங்கள்: இணையக் குழுமம் வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் குழுமம் நடத்துகிறவர்களும் தொடங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக், டிஸ்கார்ட் என்று எங்கே நடத்தினாலும் விஷயம் ஒன்றுதான். புரிவதற்கு வசதியாக ஓர் உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: மறதி நோய் வந்த அப்பாவையோ அம்மாவையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கான குழுமம்.

குழுமம் தொடங்கியாகிவிட்டது. ஆள் சேர்ப்பதுதானே முதல் வேலை?

இல்லை. இது யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காகத் தேவைப்படும் என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. இணைப்பை எல்லா இடத்திலும் பகிர்ந்தால் ஆள் சேரத்தான் செய்வார்கள். சேர்வதற்கு என்ன, ஒரு தட்டு தட்டினால் போதும். ஆனால் சேர்ந்தவர் இரண்டாவது முறை திறந்து பார்க்க வேண்டுமென்றால், அவருடைய ஏதாவது ஒரு தவிப்புக்கு அங்கே பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறிவிப்பு ஒலியை அணைத்துவிட்டு மறந்துவிடுவார். விலகக்கூட மாட்டார், அதனால் உறுப்பினர் எண்ணிக்கை அப்படியே இருக்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துக் குழுமம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இதற்கு நல்ல சான்று ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் என்ற கேள்வி பதில் தளங்களின் தொகுப்பு. நிரலாளர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008இல் தொடங்கி வெற்றி பெற்றதும், அதே மென்பொருளை வைத்து யார் வேண்டுமானாலும் மாதக் கட்டணம் கட்டித் தங்கள் துறைக்கு ஒரு கேள்வி பதில் தளம் தொடங்கலாம் என்று 2009இல் அறிவித்தார்கள். நிறைய பேர் தொடங்கினார்கள். பல தளங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கருவி நன்றாகத்தான் இருந்தது, அதை வைத்துக் கேள்வி கேட்க ஆளில்லை. 2010இல் அந்த முறையையே கைவிட்டு, ஏரியா 51 என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். புதிய துறைக்குத் தளம் வேண்டும் என்று ஒருவர் முன்மொழிந்தால், அங்கே எந்த மாதிரிக் கேள்விகள் வரும் என்று மற்றவர்கள் முதலில் எழுதிக்காட்ட வேண்டும். பிறகு, தளம் திறந்தால் நான் வந்து பங்கெடுப்பேன் என்று போதுமான பேர் உறுதி சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் சோதனை முறையில் திறப்பார்கள்.

இந்த வரிசையைச் சின்னக் குழுமத்துக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தொடங்குவதற்கு முன்பே, உங்கள் ஆட்களின் வாயிலிருந்து வந்த உண்மையான கேள்விகள் ஒரு முப்பது நாற்பதாவது கையில் இருக்கட்டும்.

இன்னும் சேராதவர்களை எங்கே போய்த் தேடுவது?

அவர்கள் ஏற்கெனவே எங்கோ பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களிடம் பேசவில்லை, அவ்வளவுதான்.

மறதி நோய் உதாரணத்தை எடுங்கள். ஒரு மருத்துவரின் யூடியூப் காணொளிக்குக் கீழே போய்ப் பாருங்கள். “அம்மா ராத்திரி முழுக்கத் தூங்காம வீட்டைச் சுத்தி நடக்கறாங்க, என்ன செய்யறது?” என்று ஒருவர் எழுதியிருப்பார். பதில் வந்திருக்காது. அதற்குக் கீழே இன்னொருவர், “எங்க வீட்லயும் இதேதான்” என்று எழுதியிருப்பார். அந்த இரண்டு பேரும்தான் உங்கள் குழுமத்தின் வருங்கால உறுப்பினர்கள். அங்கேயே போய் அவர்களை அழைக்க வேண்டாம். இப்போதைக்கு அவர்கள் எழுதியதை எழுதியபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

தேடுபொறியில் ஒரு தொடரைப் பாதி தட்டச்சு செய்தால் மீதியை அது காட்டும். பலர் தேடுவதைத்தான் காட்டுகிறது. பொதுவான குடும்பக் குழுக்கள், துறை சார்ந்த நூல்களுக்கும் செயலிகளுக்கும் வந்திருக்கும் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள், நேரலை நிகழ்ச்சிகளில் பார்வையாளர் அனுப்பும் கேள்விகள் எல்லாமே நல்ல இடங்கள். ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளை நான் முக்கியமாகச் சொல்வேன். “எல்லாம் இருக்கு, ஆனா எனக்கு வேண்டியது இல்லை” என்று ஒருவர் கோபத்தில் எழுதும்போது, வேண்டியது என்ன என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

இன்னொரு வழி, அந்தத் துறையில் பலரும் நாடிப்போகும் ஆளைப் பிடிப்பது. செவிலியர், பிசியோதெரபிஸ்ட், வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் போன்றவர்களிடம் ஒரே கேள்வி நூறு முறை வந்திருக்கும். “உங்களிடம் அடிக்கடி கேட்பது என்ன? அதில் உங்களால் பதில் சொல்ல முடியாதது எது?” என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கான இடம்.

பின்னல் வேலைப்பாட்டுக்காரர்களுக்கான ரேவல்ரி இணையதளம் இப்படிப்பட்ட கவனிப்பில் பிறந்ததுதான். ஜெசிகா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் தம்பதி 2007இல் அதைத் தொடங்கினார்கள். ஜெசிகாவே பின்னல் போடுகிறவர். ஒரு மாதிரியை எந்த நூலில் போட்டால் எப்படி வருகிறது என்று தெரிய, பலருடைய வலைப்பதிவுகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளைத் தேடி அலைய வேண்டியிருந்தது. பின்னல் போடும் எல்லோருக்கும் இருந்த சிரமம் இது. அதைத் தீர்ப்பதற்காகக் கேசிடி நிரல் எழுதினார். முதலில் அழைப்பு பெற்றவர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். நுழைய ஒரு பெரிய வரிசையே காத்திருந்தது.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். என்ன கேட்பது?

“இப்படி ஒரு குழுமம் இருந்தால் சேருவீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். “கண்டிப்பா, நல்ல முயற்சி” என்பார்கள். அந்த வாழ்த்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது சிரமப்பட்டார், அப்போது என்ன செய்தார், யாரிடம் கேட்டார், கிடைத்த பதில் உதவியதா. உதாரணத்துக்கு ஓர் உரையாடல்:

“அம்மா விஷயத்துல கடைசியா எப்ப ரொம்பத் திணறிப்போனீங்க?”

“போன வாரம். குளிக்க வரவே மாட்டேன்னுட்டாங்க.”

“அப்ப என்ன பண்ணீங்க?”

“அக்காவுக்கு போன் பண்ணேன். அவ எடுக்கல. அப்புறம் நெட்ல தேடினேன். எல்லாம் ஆஸ்பத்திரி விளம்பரமா வந்துச்சு.”

“அப்புறம்?”

“ஒண்ணும் பண்ணல. அழுதுட்டு விட்டுட்டேன்.”

நாலே வரியில் எவ்வளவு கிடைத்துவிட்டது பாருங்கள். இவருக்கு நோயைப் பற்றிய கட்டுரை தேவையில்லை. அந்த நிமிடத்தில் போனை எடுக்கும் இன்னொரு அக்கா தேவை. நீங்கள் “தினம் ஒரு மருத்துவத் தகவல்” என்று திட்டமிட்டிருந்தால், அது இவருக்கு எந்த விதத்திலும் உதவாது. “இப்போதே பதில் வேண்டும்” என்று ஒரு தனி இழையும் (ஒரே விஷயத்துக்கான உரையாடல் வரிசை), முறை வைத்து அதைக் கவனிக்க நாலு பேரும் இருந்தால் உதவும்.

பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் மனதில் உள்ளது வெளியே வரும். உங்கள் திட்டத்தை விளக்கத் தொடங்கிவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்தது. அதற்குப் பிறகு அவர் உங்களை ஊக்கப்படுத்தத்தான் பார்ப்பார்.

எத்தனை பேரிடம் பேசினால் போதும்?

கேட்ட கதையே திரும்ப வரத் தொடங்கும்வரை. ஒரே மாதிரியான சூழலில் இருப்பவர்கள் என்றால் பத்துப் பேருக்குள் அது தெரிந்துவிடும். ஆனால் வெளிநாட்டில் இருந்துகொண்டு பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் மகனும், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் மருமகளும் ஒரே சூழலில் இல்லை. இரு சாராரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இல்லை. கூகுள் படிவம் ஒன்று அனுப்பினால் ஆகாதா?

பேசி முடித்த பிறகு அனுப்பலாம். எந்தச் சிரமம் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் படிவம் நல்ல கருவி. என்னென்ன சிரமங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க அது உதவாது. நீங்கள் யோசிக்காத ஒன்றைப் படிவத்தில் விடையாகக் கொடுக்க முடியாது அல்லவா? “மற்றவை” என்ற கட்டத்தில் நீளமாக எழுதப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

அனுப்பினால் ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றாவது விரிவாக எழுதச் சொல்வதாக இருக்கட்டும்.

இருக்கும் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறேனே, அது போதாதா?

வாக்கெடுப்பில் யார் பங்கெடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஏற்கெனவே குழுமம் பிடித்துப்போய் இருப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது இப்போதே கிடைத்துக்கொண்டிருக்கிறது. வந்து பார்த்துவிட்டுப் போனவரும், வாசல்வரை வந்து நுழையாதவரும் அந்த வாக்கெடுப்பில் இல்லை. நீங்கள் வளர வேண்டுமென்றால் வேண்டிய தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் சொன்னதாக வழங்கும் கதை இந்த இடத்துக்கு அப்படியே பொருந்தும். திரும்பி வந்த போர் விமானங்களில் குண்டுத் துளைகள் எங்கே அதிகம் என்று பார்த்து, அங்கே கவசத் தகடு போடலாம் என்ற யோசனை இருந்தது. வால்ட் அதை மறுத்தார். அந்த இடங்களில் அடிபட்டும் விமானம் திரும்பி வந்திருக்கிறது. துளை இல்லாத இடங்களில் அடிபட்டவை திரும்பவே இல்லை. எனவே அங்கேதான் கவசம் வேண்டும் என்றார்.

விக்கிப்பீடியா இதை எதிர்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து பங்களிப்பவர்களின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு குறையத் தொடங்கியது. உள்ளே இருப்பவர்களைப் பார்த்தால் காரணம் தெரியாது. அவர்கள் உற்சாகமாகத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களின் தொகுப்புகளுக்கு என்ன ஆனது என்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நல்லெண்ணத்தோடு செய்த முதல் திருத்தங்கள்கூட வேகமாக நீக்கப்பட்டன. காரணத்தை விளக்க அங்கே மனிதர் யாரும் இல்லை, தானியங்கி எச்சரிக்கைதான் வந்தது. பலர் அத்தோடு போய்விட்டார்கள். 2012இல் அங்கே தேநீர் இல்லம் என்ற பெயரில் ஓர் இடம் திறந்தார்கள். புதியவர்கள் எந்தச் சின்னக் கேள்வியையும் கூச்சமில்லாமல் கேட்கலாம், அனுபவமுள்ளவர்கள் பணிவாகப் பதில் சொல்வார்கள். இன்றும் அது நடக்கிறது.

எனவே விலகியவர்களிடம் பேசுங்கள். “ஏன் போனீர்கள்?” என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலத் தோன்றும். “நீங்கள் சேரும்போது என்ன எதிர்பார்த்தீர்கள்? அது இங்கே கிடைத்ததா?” என்று கேட்டால் மனம்விட்டுச் சொல்வார்கள். சேர விண்ணப்பித்துப் பாதியில் விட்டவர்களிடமும் அதே கேள்விதான்.

உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் வாயே திறப்பதில்லை. அவர்களை எப்படிப் பேசவைப்பது?

ஏன் பேசவைக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இணையக் குழுமங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் படிப்பவர்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுபவர்கள், 1 சதவீதம் பேர்தான் பெரும்பகுதியை எழுதுபவர்கள் என்று இணையதளப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதினார். இது ஒரு தோராயக் கணக்குதான். சின்னக் குழுவில் எழுதுகிறவர்களின் பங்கு கூடுதலாக இருக்கும். ஆனாலும் பெரும்பாலோர் மௌனமாக இருப்பது இயல்பு என்பதில் சந்தேகமில்லை.

ஜென்னி ப்ரீஸும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் 2004இல் வெளியிட்ட கட்டுரையில், எழுதாமல் இருப்பவர்களிடம் காரணத்தைக் கேட்டார்கள். முதலிடம் பிடித்த பதில்: எழுத வேண்டிய அவசியம் வரவில்லை, படித்தாலே போதுமாக இருந்தது. இவர்களை நச்சரிக்கக் கூடாது. படித்துப் பயன்பெறுவதும் குழுமத்தைப் பயன்படுத்துவதுதான்.

கவனிக்க வேண்டியது வேறொரு சாராரை. எழுத ஆசைப்பட்டு, தயங்கி, நிறுத்திக்கொள்பவர்கள். “நான் கேட்பது முட்டாள்தனமாகத் தெரியுமோ”, “உறவுக்காரர் யாராவது இதைப் பார்த்துவிட்டால்” என்ற பயம் இருக்கும். மறதி நோய்க் குழுமத்தில் இந்த இரண்டாவது பயம் பெரிது. அப்பா ஆடையில் சிறுநீர் கழிக்கிறார் என்று சொந்தப் பெயரில் யார் எழுதுவார்கள்? பெயர் தெரியாமல் கேள்வி அனுப்ப ஒரு வழி செய்து கொடுத்தால், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்களிடமிருந்து நிறைய கேள்விகள் வரும். அவர்களுக்குத் தேவைப்பட்டது மறைவிடம்.

கேட்டதையெல்லாம் செய்து கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். கேட்பது ஒன்றாகவும் தேவை வேறொன்றாகவும் இருக்கும். “மருத்துவர் ஒருவரைக் குழுவில் சேருங்கள்” என்று பத்துப் பேர் கேட்கலாம். ஏன் என்று விசாரித்தால், மருந்துச் சீட்டில் உள்ளதைப் புரிந்துகொள்ள யாராவது வேண்டும் என்பதாக இருக்கும். அதை ஒரு மருந்தாளுநர் வாரம் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார். மருந்தை மாற்றுவது, அளவைக் கூட்டிக் குறைப்பது போன்றவற்றைக் குழுமத்தில் பேசவே கூடாது என்று விதி வைப்பதும் உங்கள் பொறுப்பு. யார் கேட்டாலும் சரி.

கோரிக்கையைவிட நம்பகமானது ஒன்று உண்டு: மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்துச் செய்துகொண்டிருக்கும் ஒட்டுவேலை. ட்விட்டரில் ஒரே பொருள் பற்றிய பதிவுகளைச் சேர்த்துப் பார்க்க வழி இல்லாதிருந்த காலம். கிறிஸ் மெசினா என்ற பயனர் 2007 ஆகஸ்டில், சொல்லுக்கு முன்னால் # குறி போடலாமே என்று யோசனை சொன்னார். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியேகோ காட்டுத்தீயின்போது மக்கள் அதைப் பயன்படுத்தித் தகவல் பரிமாறினார்கள். 2009இல்தான் ட்விட்டர் நிறுவனம் அந்தக் குறிச்சொற்களைத் தட்டினால் தேடல் வருமாறு செய்தது. மறுபகிர்வும் அப்படித்தான், பயனர்கள் கையால் செய்துகொண்டிருந்த பழக்கம் 2009இல் பொத்தானாக மாறியது.

உங்கள் குழுமத்திலும் பாருங்கள். யாராவது பழைய பதில்களைத் தனியாகச் சேமித்து வைத்து, புதியவர் கேட்கும்போது எடுத்துப் போடுகிறாரா? தொகுப்பு தேவைப்படுகிறது என்று அர்த்தம். ஒரே ஊரிலுள்ளவர்கள் தனியாக ஒரு சின்னக் குழு ஆரம்பித்திருக்கிறார்களா? கோபப்படாதீர்கள். நேரில் உதவிக்கொள்ள ஆள் தேடியிருக்கிறார்கள்.

அழைப்பு வாசகத்தை எப்படி எழுதுவது?

நீங்கள் பேசியவர்களின் சொற்களில். “முதியோர் நரம்பியல் சிதைவுப் பராமரிப்பாளர் ஆதரவுக் குழுமம்” என்று எழுதினால் யாரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று உணர மாட்டார்கள். “அம்மாவுக்கு உங்களையே அடையாளம் தெரியவில்லையா? இங்கே இருப்பவர்களுக்கு அது புரியும்” என்று எழுதிப் பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் வாசகத்திலேயே நல்ல அழைப்பு கிடைத்துவிடும். யார் சொன்னது என்று தெரியாதபடி மாற்றிப் போடுங்கள்.

தொடக்கத்தில் குழுமம் காலியாக இருக்குமே? நாலைந்து போலிக் கணக்கில் நாமே பேசிக்கொண்டால் என்ன?

ரெடிட் 2005இல் தொடங்கியபோது நிறுவனர்கள் பல கற்பனைப் பெயர்களில் தாங்களே இணைப்புகளைப் பதிந்தார்கள், பிற்பாடு அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அது செய்தி இணைப்புகள் பகிரும் இடம். மனிதர்கள் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் இதை நான் ஒருபோதும் செய்யச் சொல்ல மாட்டேன். தெரியவந்தால் நம்பிக்கை போய்விடும். அதைவிட, போலிக் கேள்விகளால் நிரப்பினால் உண்மையான தேவை எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

காலியாகத் தெரியாமல் இருக்க நேர்மையான வழி, சின்னதாகத் தொடங்குவது. நீங்கள் பேசியவர்களில் பன்னிரண்டு பதினைந்து பேரை மட்டும் முதலில் சேருங்கள். சேகரித்து வைத்த கேள்விகளை, “பலர் கேட்டது” என்று சொல்லி உங்கள் பெயரிலேயே வாரம் இரண்டாக இடுங்கள். ஆறு இழை வைக்காதீர்கள், ஒன்று போதும். பன்னிரண்டு பேர் ஒரே இழையில் பேசினால் கலகலப்பாக இருக்கும். ஆறில் பிரிந்தால் எல்லாமே காலியாகத் தெரியும்.

புதியவர் ஒருவர் முதன்முதலாகக் கேள்வி கேட்டிருக்கிறார். அதில் தனிக் கவனம் வேண்டுமா?

எல்லாவற்றையும்விட. எலிசபெத் ஜாய்ஸும் ராபர்ட் கிரௌட்டும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், செய்திக் குழுக்கள் எனப்படும் பழைய இணைய விவாதக் குழுக்களில் முதல் பதிவுக்குப் பதில் கிடைத்தவர்கள் மறுபடி எழுதும் வாய்ப்பு, பதில் கிடைக்காதவர்களைவிட அதிகமாக இருந்தது. பதில் தெரியாவிட்டாலும் எழுதுங்கள்: “எனக்கு இதில் அனுபவம் இல்லை. தெரிந்தவரிடம் கேட்டு நாளைக்குள் சொல்கிறேன்.” பிறகு சொன்னபடி கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய உறுப்பினர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. யார் பக்கம் நிற்பது?

இது சிக்கலான கேள்வி. எனக்குத் தெரிந்து வளரும் குழுமங்கள் எல்லாமே இதில் வந்து முட்டுகின்றன.

மோதல் பழையது. வலைத்தளங்களுக்கு முந்தைய விவாத அமைப்பான யூஸ்நெட்டின் செய்திக் குழுக்களில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பல்கலைக்கழகங்களில் சேரும் புதிய மாணவர்கள் வந்து குவிவார்கள். சில வாரங்களில் நடைமுறை பழகிவிடுவார்கள். 1993க்குப் பிறகு ஏஓஎல் போன்ற வணிக இணையச் சேவைகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கும் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டதும், புதியவர் வரவு நிற்கவே இல்லை. முடிவில்லாத செப்டம்பர் என்று பழையவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அவர்களுடைய ஆதங்கத்திலும் நியாயம் இருந்தது. சொல்லிக்கொடுக்கும் ஆட்களைவிடக் கற்க வேண்டியவர்கள் பல மடங்கு பெருகிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செய்தி இணைப்புகளைப் பயனர்களே வாக்களித்து மேலே கொண்டுவரும் டிக் தளம், 2010 ஆகஸ்டில் நான்காம் பதிப்பு என்று எல்லாவற்றையும் மாற்றியது. ஊடக நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளைத் தானாகவே கொண்டுவந்து சேர்க்க வசதி வந்தது, பயனர்கள் நேசித்த சில வசதிகள் போயின. பழைய பயனர்கள் கொதித்துப்போய் ரெடிட்டுக்குக் கூட்டமாகக் கிளம்பினார்கள். டிக் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018இல், தங்கள் இடம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒரே கேள்வி ஆயிரமாவது முறை வரும்போது பழையவருக்கு எரிச்சல். முதல் முறையாகக் கேட்பவருக்கோ அந்த எரிச்சல் அவமானம்.

என் அபிப்பிராயம்: புதியவருக்கு இடம் கொடுங்கள், பழையவருக்கு வேலையைக் குறையுங்கள். இரண்டையும் ஒரே இழையில் செய்ய முடியாது. புதியவர்களுக்கென்று தனி இழை இருக்கட்டும், அங்கே மனமுவந்து வருகிறவர்கள் மட்டும் பதில் சொல்லட்டும். சோர்ந்தால் மாற்றிக்கொள்ளட்டும். பழையவர்கள் தங்களுக்குள் பேச இன்னோர் இழை. மறதி நோயில் இது இன்னும் அவசியம். நோய் இப்போதுதான் தெரியவந்த குடும்பமும், படுக்கையில் இருக்கும் அப்பாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் மகளும் ஒரே உரையாடலைத் தாங்க மாட்டார்கள். மகள் பேசுவது அந்தக் குடும்பத்துக்குப் பயம், அவர்கள் கேட்பது மகளுக்கு அலுப்பு.

கேட்டுக்கொண்டோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சொன்னால்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூன்று விஷயம் எழுதுங்கள்: நீங்கள் சொன்னவை, அதில் நாங்கள் செய்தவை, செய்யாதவையும் அதற்கான காரணமும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். “மருத்துவரைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் நேரில் பார்க்காமல் சொல்லும் ஆலோசனை ஆபத்தாகலாம்” என்று காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் போன யோசனைதான் மனதில் உறுத்தும், அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். முதலில் நீங்கள் பேசிய, இன்னும் சேராதவர்களுக்கும் இதைத் தனியாக அனுப்புங்கள்.

மக்கள் சொன்னதை வைத்துக்கொள்வதில் எச்சரிக்கை ஏதாவது?

அனுமதி இல்லாமல் மேற்கோள் காட்டக் கூடாது. கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்கக் கூடாது. எண்ணை வாங்கியது பேசுவதற்காகத்தானே, சேர்ப்பதற்காக அல்ல. மற்றவர் நடத்தும் மூடிய குழுவுக்குள் ஆள் பிடிக்க நுழையக் கூடாது, அங்கே பேசப்பட்டதை வெளியே எடுத்துவரவும் கூடாது. குறிப்பேட்டில் பெயர், தொலைபேசி எண் எழுதாமல் சிரமத்தை மட்டும் எழுதி வைப்பது எல்லோருக்கும் நல்லது.

எதை எண்ணிப் பார்த்தால் வளர்ச்சி தெரியும்?

இந்த மாதம் வந்த கேள்விகளில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது. அவற்றில் நிர்வாகி அல்லாதவர் சொன்ன பதில் எத்தனை. போன மாதம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இந்த மாதமும் வந்தார்கள். இந்த மூன்றும் போதும். இரண்டாவது எண் ஏறவில்லை என்றால் உங்களிடம் இருப்பது ஓர் உதவி எண் மாதிரிதான், குழுமம் இன்னும் உருவாகவில்லை.

இத்தனையும் கேட்ட பிறகு, குழுமமே தேவையில்லை என்று தெரிந்தால்?

நடக்கக்கூடியதுதான், அதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டது நல்லது. பேசிப் பார்த்தால், இவர்களுக்கு வேண்டியது மற்றவர்களோடு உரையாடுவது இல்லை, நம்பகமான ஒரு வழிகாட்டிக் குறிப்பு மட்டும்தான் என்று தெரியலாம். அப்படியானால் குறிப்பை எழுதிக் கொடுங்கள், துறை அறிந்தவர் ஒருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். அல்லது இதே ஆட்களுக்கு ஏற்கெனவே ஒரு நல்ல குழுமம் இருந்து, ஆள் போதாமல் திணறிக்கொண்டிருக்கலாம். அதன் நிர்வாகிக்கு எழுதுங்கள். நீங்கள் சேகரித்த கேள்விகளைப் பெயரில்லாமல் அவருக்குக் கொடுங்கள், வாரத்தில் எந்த இரண்டு இரவு அங்கே வரும் அவசரக் கேள்விகளைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.